கிட்டாருக்குப் பொன்னாடை

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிய மூக்காண்டி, ஆர்மோனியக்காரர் ஆறுமுகச்சாமியின் மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டாரும் வாசித்தான். மேடையின் பின்வரிசையில், டிரம்முக்குப் பக்கத்தில் நின்று, பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டு பிடித்துத் தாளத்துக்கு மீட்டும் வேலை. அவனுடைய அப்பா சாவு வீடுகளில் பறையடித்தவர். ஊர் சும்மா இருக்குமா?

"அப்பன் தோலத் தட்டுனான், மவன் கம்பியத் தட்டுதான். தட்டுத புத்தி எங்கன போவும்?"

டீக்கடையில் அவன் காதுபடவே சொன்னார்கள். அந்தப் பறை இல்லாமல் இப்படிப் பேசியவர்கள் வீட்டுப் பிணம் ஒன்றுகூடத் தெருவைத் தாண்டியதில்லை.

பாட்டின் இடையிசையைத் தனியாக எடுத்து லீட் வாசிப்பவன் மேடையில் முன்னால் நிற்பான். அறிவிப்பாளர் அவன் பெயரைச் சொல்வார். கமிட்டியார் அவன் தோளில் பொன்னாடை போர்த்துவார்கள். மூக்காண்டிக்கு அது வேண்டியிருந்தது. லீட் வாசித்த தில்லைநாயகம் வேலை கிடைத்து வெளியூர் போனதும் அந்த இடத்தைக் கேட்டு வாங்கினான்.

குருவிகுளத்தில் நடந்த முதல் கச்சேரியிலேயே மானம் போனது. பாட்டுகளின் இடையிசையை ரேடியோவில் கேட்டு, விரல் எந்தக் கட்டத்தில் விழ வேண்டும் என்று மட்டும் மனப்பாடம் செய்திருந்தான். அன்று பாடகிக்குத் தொண்டை கட்டியிருந்ததால் சுருதியை இறக்கினார்கள். எல்லாரும் இறங்கினார்கள், மூக்காண்டி பழைய இடத்திலேயே வாசித்தான். கூட்டம் ஊளையிட்டது.

அதன் பிறகுதான் ஸ்கேல் என்னும் சுரவரிசை பழகினான். பாளையங்கோட்டை தேவாலயம் ஒன்றில் கிட்டார் வாசித்தவரிடம் விஷயத்தைக் கேட்டு வந்தான். ஆறுமுகச்சாமியின் ரேடியோ ரிப்பேர் கடையில்தான் குழுவின் கிட்டார் இருக்கும். தறி ஷிப்டு முடிந்ததும் அங்கே உட்கார்ந்து, ஒரே ஸ்கேலைக் கிட்டார்க் கழுத்தின் அடியிலும் நடுவிலும் நுனியிலும் ஏற்றி இறக்குவான். கார்டை மொத்தமாக மீட்டாமல் ஒவ்வொரு சுரமாகப் பிரித்து வாசிக்கும் ஆர்பெஜியோவும் பழகினான். கார்டு மாறும் நொடியில் விரல் அந்தக் கார்டின் சுரத்தில் போய் நின்றால் லீட் எங்கும் உறுத்தாது என்பது அவனுக்குப் பிடிபட்டபோது, தனியாகச் சிரித்தான்.

"ஏலே, ஏறுத, எறங்குத, எப்பதாம்ல ஊர் போய்ச் சேருவ?" என்றார் ஆறுமுகச்சாமி.

"சேர்ந்துருவேன் அண்ணாச்சி. இனி எந்தச் சுருதின்னாலும் சொல்லும், வாசிக்கேன்."

வாசித்தான். எழுபத்தெட்டாம் வருஷம் ஆடித்தபசுக்கு வியாபாரிகள் போட்ட பந்தலில் முன்வரிசையில் நின்றான். அவன் லீட் முடிந்ததும் விசில் பறந்தது. கமிட்டித் தலைவர் சங்கரநயினார் பொன்னாடைகளோடு மேடையேறினார். பாடகி கழுத்தில் ஒன்று, தபேலாக்காரர் தோளில் ஒன்று, ஆறுமுகச்சாமி தோளில் ஒன்று. மூக்காண்டியின் முன்னால் வந்ததும் கை அந்தரத்தில் நின்றது. பிறகு எட்ட நின்றபடியே பொன்னாடையைக் கிட்டாரின் கழுத்தில் போட்டுவிட்டு நகர்ந்தார். கூட்டம் கை தட்டியது.

சிவனும் விஷ்ணுவும் ஒன்றுதான் என்று காட்ட, அம்மன் தபசுக்கு இரங்கி ஒரே உடம்பில் சாமி நிற்கிற ஊர் இது. மூக்காண்டியின் தோளும் மற்றவர்கள் தோளும் ஒன்றுதான் என்று காட்ட எந்தச் சாமியும் தபசுக் காட்சி கொடுக்கவில்லை.

"வாத்தியத்துக்கு மரியாதைல அது. சரஸ்வதில்லா?" ஆறுமுகச்சாமி காதருகே கிசுகிசுத்தார்.

"அப்பம் உம்ம ஆர்மோனியம் என்ன, மூதேவியா? அதுக்கு ஏன் போடல?"

"சத்தங்காட்டாத. அடுத்த பாட்ட ஆரம்பில."

மூக்காண்டி துண்டை எடுத்து ஆர்மோனியக் கட்டைகளின் மேல் விரித்தான். கிட்டாரைக் கழற்றி நாற்காலியில் சாய்த்து வைத்தான். முன்பக்கமாகவே, எல்லாரும் பார்க்க இறங்கிப் போனான். ஆறுமுகச்சாமி துண்டை ஒதுக்கிவிட்டு, லீட் வர வேண்டிய இடத்தை ஆர்மோனியத்தால் நிரப்பினார். கூட்டம் அதற்கும் கை தட்டியது.

திமிர் பிடித்தவன் என்று பேர் வந்துவிட்டது. புளியங்குடி வரை எந்தக் குழுவும் அவனைக் கூப்பிடவில்லை. தொட்டால் தீட்டு என்று நினைத்தவருக்கு அடுத்த ஆண்டும் அதே தலைவர் பதவி, அதே மாலை. மூக்காண்டிக்குத் தறி. பழைய ரசிகர்கள் யாராவது ஸ்கேல் எல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டால் நூல் அறுந்த இடத்தை முடிந்துகொண்டே சொல்வான்:

"அது எங்கன போவும்? கிட்டாருதான் அவுககிட்ட இருக்கு."