சித்தியின் ரிக்‌ஷாச் செடி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் சித்தி நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அம்மாவின் தங்கை அவள். திருநெல்வேலியில் விடுதியில் தங்கித் தாவரவியல் படித்துவிட்டுக் கோவில்பட்டியில் எங்களோடு இருந்தாள். மேலே படிக்கவேண்டும் என்பது அவள் எண்ணம். முதலில் ஒரு வரன் அமையட்டும், பிறகு அவர்கள் படிக்க வைத்தால் படிக்கட்டும் என்பது அப்பாவின் எண்ணம். இந்த இரண்டு எண்ணங்களுக்கும் நடுவில் ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

வாசலுக்கும் புறவாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். தட்டைக் கையில் ஏந்தி நடந்தபடியே சாப்பிடுவாள். சாயங்காலமானால் என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவாள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு ரயில், மதுரைப் பக்கம் ஒரு ரயில் போகக் கண்டால்தான் திரும்புவோம். எதிலும் ஏறியதில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் காலையில் சித்தி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குத்தவைத்திருந்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவள் ஒரே இடத்தில் இருப்பதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தேன். ஈரக் கரிசலில் நாணயம் அகலத்துக்குப் பச்சை வட்டங்கள். ஒவ்வொன்றும் நடுவிலிருந்து இரண்டிரண்டாகக் கிளை பிரிந்து, ஒரு பூவைத் தரையில் வைத்து அமுக்கியதுபோல் மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. மடல்களின் நடுவே நகத்தால் கீறியதுபோல் ஒரு பள்ளம்.

பாசி என்றேன். பாசி இல்லை என்று சொல்லிவிட்டு அவள் ஒரு பெயர் சொன்னாள். ரிக்ஸியா. என் காதில் ரிக்‌ஷா என்று விழுந்தது. அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அது சித்தியின் ரிக்‌ஷா ஆயிற்று. கல்லூரியில் சீசாவுக்குள் மருந்துத் தண்ணீரில் ஊறிக் கிடந்ததைப் பார்த்துத்தான் நோட்டில் படம் வரைந்திருக்கிறாளாம். உயிரோடு பார்ப்பது இதுதான் முதல் தடவை. பூக்காது, வேர் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, யாரும் நட்டு வைக்கவும் வேண்டாம், இந்த மண்ணுக்கே உரியது, தானாக நம் வீடு தேடி வந்திருக்கிறது என்றாள்.

தேடி வந்ததை உபசரிக்கவும் தொடங்கிவிட்டாள். சுற்றிலும் செங்கல் அடுக்கினாள். சோப்புத் தண்ணீர் அந்தப் பக்கம் போகாதபடி மண்ணை வெட்டித் திருப்பினாள். மழை இரண்டு நாள் விட்டால் சொம்பில் தண்ணீர் எடுத்துக் கையால் தெளித்தாள். யாராவது வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அம்மா முணுமுணுத்தாள். வழுக்குவது கல்லில் படர்ந்த பாசிதான், இது இல்லை என்று சித்தி இரண்டையும் பிரித்துக் காட்டினாள். அம்மாவுக்கு இரண்டுமே பச்சைதான்.

எனக்கும் அதன்மேல் எரிச்சல் வந்தது. ஸ்டேஷனுக்குப் போவது நின்றுபோயிற்று. எனக்குச் சடை பின்னும்போது பாதியில் விட்டுவிட்டுப் புறவாசலுக்கு ஓடுவாள். ஒற்றைப் பின்னலோடு எத்தனை நாள்தான் நிற்பது?

இதற்கிடையில் கயத்தாற்றிலிருந்து ஒரு வரன் வந்தது. லாரிக்கு உதிரிபாகம் விற்கிற கடை, ஒரே பிள்ளை. மேலே படிக்கச் சம்மதிப்பார்களா என்று சித்தி கேட்கச் சொன்னாள். படித்தவரைக்கும் போதும் என்று அவர்கள் சொல்வதாகத் தரகர் போனில் சொன்னார். அதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று அப்பா வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு அவர்களை வரச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் சித்தி தையல் கடைக்குப் போயிருந்தாள். வருகிறவர்கள் கைகால் கழுவப் புறவாசலுக்கு வருவார்களே என்று அம்மாவுக்குப் பதற்றம். கொத்துக்கரண்டியை என் கையில் கொடுத்து, கல்லில் இருப்பதைச் சுரண்டச் சொன்னாள். தரையைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் தரையிலிருந்துதான் ஆரம்பித்தேன். ஒரு வட்டம் விடாமல் பெயர்த்து, வாளியில் அள்ளி, வாசலை ஒட்டி ஓடுகிற வாறுகாலில் கொட்டினேன். சாக்கடைத் தண்ணீரில் அது கறுத்துக் கலந்தது.

சித்தி வந்து, பட்டுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு, வழக்கம்போலப் புறவாசலுக்குப் போனாள். திரும்பி வந்தவள் என்னைத் திட்டவில்லை.

“எங்கனட்டி கொட்டுனெ?”

காட்டினேன். வாசலுக்குப் போனவள் வாறுகாலைப் பார்த்தபடி நின்றாள். தெருமுக்கில் ஒரு வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது. பிறகு வளையலை மேலே ஏற்றிவிட்டு வாறுகால் ஓரத்தில் மண்டியிட்டாள். முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினாள். அப்போது வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கியதுமே, தங்கம் ஏதும் விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

“இல்லம்மா, செடி,” என்று சித்தி சாக்கடை ஒழுகும் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

காப்பி குடித்தார்கள். கேசரியைத் தொடவில்லை. மறுநாள் காலையில் ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் போன் செய்தார். ஜாதகம் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் வேன் ஏறியிருந்தார்கள். அம்மா அடுப்பு முன்னால் அழுதாள். எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மூன்றாம் நாள் சித்தியிடம் போய், எல்லாம் என்னால்தான் என்றேன். அவள் என்னை மடியில் இருத்தி இரண்டு பின்னலையும் முழுசாகப் போட்டுவிட்டாள்.

“நீ ஒண்ணுமே கெடுக்கலட்டி.”

பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சாக்கடையில் கைவிட்ட பெண் என்று பேச்சுப் பரவியதால் வேறு வரன் எதுவும் வரவில்லை. அடுத்த வருஷம் அப்பா அலுத்துப்போய் அவளை மேற்படிப்புக்கு அனுப்பி வைத்தார். அவள் இன்று ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள்.

போன மழைக்காலத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். என் புறவாசலிலும் இப்போது அந்தப் பச்சை வட்டங்கள் உண்டு. சிமெண்டு போடாமல், பிளீச்சிங் பவுடர் தூவாமல் அந்த மூலையைக் காத்து வருகிறேன். பெருமையாகக் காட்டிவிட்டு, அன்றைக்கு எல்லாவற்றையும் அழித்துவிட்டேனே என்று பழைய வருத்தத்தைச் சொன்னேன். அவள் ஆச்சரியமாக நிமிர்ந்து பார்த்தாள்.

“சொரண்டுனா போயிருமாக்கும்? போன வருசத்து வித்தெல்லாம் மண்ணுக்குள்ளல்லா கெடக்கும். அடுத்த மழைக்கே மொளைச்சு வந்துட்டு. நீ பாக்கலியா?”

நான் பார்க்கவில்லை. அந்த மூலைக்குப் போகவே பயந்திருந்தேன்.

“திரும்ப வரும்னு அன்னைக்கே தெரியுமா? பொறவு எதுக்குச் சித்தி வாறுகால்ல கைய விட்டெ?”

சித்தி விரலில் ஒட்டிய மண்ணை மெதுவாகத் தட்டிவிட்டாள்.

“தெருமுக்குல வேன் திரும்புத சத்தம் கேட்டுச்சு.”

அந்தச் சத்தம் அன்றைக்கு எனக்கும் கேட்டது. விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.