நூல் பிடித்து நின்ற ஆறு குதிரைகள்

கல்முனை பஸாரில் முனாப்பின் றேடியோக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பழுதான சாமானை மட்டும் கொண்டுவருவதில்லை. என்ன பழுது என்பதையும் தாங்களே கண்டுபிடித்துக் கையோடு கொண்டுவருவார்கள். அதிலும் சுனாமிக்குப் பிறகு எல்லாப் பழுதுக்கும் ஒரே காரணம்தான். டீவியில் படம் ஆடினால் சுனாமி, மின்விசிறி கிறீச்சிட்டால் சுனாமி. போன வருடம் வாங்கிய அயன்பெட்டி சூடாகாவிட்டால்கூட, "சுனாமித் தண்ணி பட்டிருக்கும் காக்கா" என்று அவரை அண்ணன் முறை வைத்துச் சொல்வார்கள். முனாப்புக்கு அதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வரும். கடற்கரை வீதியில் இருந்த அவருடைய பழைய கடையையும், அன்று காலை அதைத் திறக்கப் போன தம்பி மக்கீனையும் கடல்தான் கொண்டுபோனது. கடலைக் குற்றம் சொல்ல ஊரில் முதல் உரிமை தனக்குத்தான் என்று நினைக்கிற மனுசர் அவர்.

"செஞ்சதுக்கே அது இன்னும் பதில் செல்லல்ல. செய்யாததையும் ஏன் அதுட தலையில போடுறீங்க?" என்று எரிந்து விழுவார்.

நாட்டில் சண்டை முடிந்து மூன்றாம் வாரம், ஒரு புதன்கிழமை காலை, பாண்டிருப்புச் சுரேஸ் ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிற்றாரைப் பழைய சாரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். சுரேஸ் மேசன் வேலைக்காரன். சுனாமி வீட்டுத்திட்டங்களில் சுவர் எழுப்பிப் பேர் வாங்கியவன். பின்னேரங்களில் கனகரெத்தினம் மாஸ்டரின் இசைக்குழுவில் கிற்றார் வாசிப்பான். அந்தக் குழுவின் அம்ப்ளிபயர்களைத் திருத்துவது முனாப் என்பதால் முகப் பழக்கம் உண்டு.

"காக்கா, இது சுருதியில நிக்குதில்ல. கை மேல போகப் போக மோசம்."

"எப்ப இருந்து?"

"சுனாமிக்குப் பிறகு."

முனாப் ஆணி திருகிக்கொண்டிருந்த திருப்புளியை மேசையில் எறிந்தார். "தொடங்கிட்டாரு! ஏன் தம்பி, இந்தச் சாமான் சுனாமியில நனைஞ்சதா?"

"இல்ல காக்கா. இது பிறகு முகாமில வெள்ளைக்காரர் தந்தது. நனைஞ்சது நான்."

முனாப் ஸ்டூலை இழுத்துப் போட்டு, இரு என்று கைகாட்டினார்.

அலை சுரேஸை அள்ளிக்கொண்டு போய்த் தென்னந்தோட்டத்துக்குள் போட்டதாம். இடது காதில் இரண்டு மாதம் சீழ் வடிந்ததாம். ஆறிவிட்டது என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் இந்தக் கிற்றார் கைக்கு வந்து, மனைவி துசாந்தினி பாட இவன் வாசித்தபோது இரண்டும் ஒட்டவில்லை. கல்யாணத்துக்கு முதலே கோயில் மேடைகளில் பாடிப் பேரெடுத்தவள் அவள். நீதான் சுருதி விலகுகிறாய் என்று இவன் அவளைக் கடிந்துகொண்டான். ஒருதரம் இல்லை, நாலைந்து தரம். அவள் பாட்டை விட்டாள். இப்போது அடுப்படியில்கூட முணுமுணுப்பதில்லை. பிறகு குழுவிலும் அதே கதை வந்தது. போன கிழமை மாஸ்டர் எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டார், உன்ட காது அலையோட போயிட்டுடா என்று. வருகிற சனிக்கிழமை காரைதீவில் விளையாட்டுக் கழகத்தின் நிகழ்ச்சி. சண்டை ஓய்ந்த பிறகு வருகிற முதல் மேடை அது. மாஸ்டர் வேறு ஆள் தேடுகிறார்.

"கிற்றார் பிழையெண்டா திருத்தித் தாங்க காக்கா. என்ட காதுதான் பிழையெண்டா இத நீங்களே வெச்சிருங்க. நான் வீட்ட கொண்டு போகமாட்டன்" என்றான் சுரேஸ். சொல்லும்போது இடது காதைத் தடவிக்கொண்டான்.

முனாப்புக்கு வாசிக்கத் தெரியாது. கம்பி, ஆணி, மின்சாரம் தெரியும். எளிய பழுதை முதலில் பார்த்துவிடுவது அவர் வழக்கம். கம்பியை முறுக்கும் சாவிகள் இளகியிருந்தன, இறுக்கினார். சுரேஸ் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி விட்டிருந்த கம்பிகளை அவிழ்த்து மூன்று சுற்றுச் சுற்ற வைத்தார். கழுத்தின் நுனியில் கம்பிகள் படுத்திருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பள்ளங்கள் கம்பியைக் கவ்விப் பிடித்தன. சாவியைத் திருப்பினால் சுருதி அசையாமல் நின்று, பிறகு 'டிக்' என்று தாவியது. பென்சில் கரியைச் சுரண்டிப் பள்ளங்களில் தடவினார். தாவல் நின்றது.

சுரேஸ் வாசித்தான். கீழே எல்லாம் சரி. கை கழுத்தின் நடுவுக்கு ஏறியதும் புளியைக் கடித்தவன் மாதிரி முகத்தைச் சுளித்தான்.

"பாத்தீங்களா, சுருதி கூடிப்போகுது. எனக்கு மட்டும்தான் அப்பிடிக் கேக்குதோ தெரியா."

முனாப்புக்கும் என்னமோபோலத்தான் கேட்டது. ஆனால் இரைகிற றேடியோக்களோடு முப்பது வருடம் கிடந்த காது அது. அதை நம்பி ஒருத்தனுடைய காதுக்குத் தீர்ப்புச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"உன்ட காதும் வேணாம், என்ட காதும் வேணாம். மீற்றர் செல்லட்டும்" என்றார்.

ஒரு செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்று எண்ணிக் காட்டும் மீற்றர் ஒன்று அவரிடம் இருந்தது. கிற்றாரின் வயரை அதில் கொழுவினார். மீற்றரின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார், சுரேஸுக்குத் தெரியாமல்.

"அஞ்சாம் கம்பியைச் சும்மா தட்டு." நூற்றுப்பத்து. "இப்ப சரிநடுவில பிடிச்சுத் தட்டு."

நடுவில் பிடித்தால் சரியாக இரண்டு மடங்கு, இருநூற்றிருபது வரவேண்டும். இருநூற்றிருபத்திரண்டு வந்தது.

"எப்பிடிக் கேக்குது?"

"கூட. கொஞ்சம்தான், ஆனா கூட."

அடுத்தது எல்லாவற்றிலும் தடித்த கம்பி. "இது அதவிட மோசம்" என்றான். மீற்றரும் அதையே சொன்னது. மெல்லிய கம்பிக்கு, "இது சரி" என்றான். அதுவும் சரி. ஆறு கம்பிக்கும் அவன் சொன்னதை ஒரு அட்டைத் துண்டில் எழுதி, பக்கத்தில் மீற்றர் சொன்னதையும் எழுதி, அவன் முன்னால் தள்ளினார்.

"பாருடா மனே! ஆறுக்கு ஆறு. உன்ட காதுக்கு ஒண்டுமில்ல. மீற்றருக்குப் பழுது வந்தா இனி உன்னத்தான் கூப்பிடுவன்."

சுரேஸ் அட்டையைப் பார்த்தான். திரும்பவும் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது. அதை அவன் மறைக்கவும் இல்லை. கடல் கொண்டுபோனதாகச் சொன்ன ஒன்றாவது கொண்டுபோகாமல் இருந்ததே என்று முனாப்புக்குச் சந்தோசமாக இருந்தது.

இனிக் கிற்றாரின் குற்றத்தைப் பிடிக்கவேண்டும். அடிப்பக்கத்தில் ஒவ்வொரு கம்பியும் ஏறி உட்காரும் சின்ன இரும்புத் துண்டைக் குதிரை என்பார்கள். ஆறு குதிரைகளும் பட்டாளம் மாதிரி ஒரே நேர்கோட்டில் நின்றன. மாஸ்டரின் பேஸ் கிற்றாரில் அவை ஒன்றுக்கொன்று முன்னும் பின்னுமாக நின்றதை முனாப் கண்டிருக்கிறார்.

"தம்பி, இது வரக்குள்ளயே இப்பிடியா இரிந்த?"

"இல்ல காக்கா. வரக்குள்ள கோணல்மாணலாக் கிடந்தது. கப்பல்ல குலுங்கி விலகியிருக்குமெண்டு நான்தான் அண்டைக்கே மேசன் நூல் பிடிச்சு நேராக்கினன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். "ஒரு நூலளவுகூட விலகல் இல்ல, வேணுமெண்டாப் பிடிச்சுப் பாருங்க."

முனாப் தலையில் கைவைத்துச் சிரித்தார். "யா அல்லாஹ்! சுவரெண்டு நினைச்சிட்டியாடா? தடிச்ச கம்பிக்கு நீளம் கூட வேணும். அதுக்குத்தான் செஞ்சவன் கோணலா வெச்சிரிக்கான். நீ மத்த அஞ்சு குதிரையையும் மெல்லிய கம்பிட வரிசைக்கு இழுத்து நீளத்தக் குறைச்சிட்டாய்."

கம்பியைத் தளர்த்தி, பின்னால் உள்ள ஆணியைத் திருப்பி, குதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். திரும்பச் சுருதி கூட்டி மீற்றரில் பார்த்தார். அஞ்சாம் கம்பிக்கு நாலுதரம், தடித்ததற்கு ஆறுதரம். இடையில் லுஹர் பாங்கு சொன்னது. பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்து மிச்சத்தைச் செய்தார். முடிந்தபோது குதிரைகள் படிக்கட்டு மாதிரிக் கோணலாக நின்றன. அந்தக் கோணலைப் பார்க்கச் சுரேஸுக்குக் கை துறுதுறுத்தது.

"தொட்டாய், கைய முறிப்பன். வாசி."

வாசித்தான். கை மேலே ஏறியது. இன்னும் ஏறியது. எங்கே பிடித்தாலும் சுத்தமாக நின்றது. பக்கத்துப் புடவைக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். சுரேஸ் வாயெல்லாம் பல்லாகத் துசாந்தினி முன்பெல்லாம் பாடும் ஒரு பாட்டின் தொடக்கத்தை எடுத்தான். பாதியில் கை நின்றது.

"காக்கா."

"என்ன?"

"அப்ப அவ சரியாத்தானே பாடியிருக்கா."

முனாப் சாரத்தை விரித்து, கிற்றாரைக் கவனமாகச் சுற்றிக் கொடுத்தார்.

"சனிக்கிழமையை மறுகா பாப்பம். இப்ப வீட்ட போ. போய் என்னெண்டு செல்லுவாய்?"

சுரேஸ் ஸ்டூலை விட்டு எழுந்தான்.

"சுனாமியெண்டு சொல்லமாட்டன் காக்கா. நூல் பிடிச்சது நானெண்டு சொல்லுவன்."

கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தான். ஏறி மிதிக்கவில்லை. பாண்டிருப்புப் பக்கம் தள்ளிக்கொண்டே நடந்தான்.