ஆமினா பீவியின் பன் மாவு

“இதுல எத்தனை பன் வருமாம், அஃப்ரா?”

“பன் வராதுங்க மாமி. ஒரே ரொட்டிதான். அதுக்கும் நாலு மணி நேரமாம்.”

“ஆறுச்சாமிக்கு தெனமும் முப்பது பன் குடுக்கோணும். ஒத்த ரொட்டி என்ன, குட்டியா போடும்?”

“மாவு மட்டும் பிசையறதுக்குத் தனியா ஒரு பட்டன் இருக்குதுங்க. ஒரு தடவைக்கு அரைக் கிலோ.”

“அத மொதல்ல சொல்றதில்லையா! சுடறதுக்கு என்ர அடுப்பு இருக்குது.”

கோவை கோட்டைமேட்டில் 1996 ஏப்ரலில் நடந்த பேச்சு இது. பதினோரு வருடமாக ஆறுச்சாமியின் டீக்கடைக்கு பன் சுட்டுக்கொண்டிருந்த ஆமினா பீவி, குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இனி மாவு பிசையவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். மாதக் கடைசி வரை பார்ப்பேன், அப்புறம் வேறு ஆள்தான் என்று ஆறுச்சாமியும் சொல்லிவிட்டார். விஷயம் கேள்விப்பட்டு துபாயிலிருந்து தம்பி மஜீத் அனுப்பியதுதான் அந்த பிரெட் மெஷின். அதன் இங்கிலீஷ் கையேட்டைப் படித்துச் சொல்ல வந்தவள் அடுத்த வீட்டு அஃப்ரா. கேட்டால் ஒழிய வாய் திறக்காத கல்லூரிப் பெண்.

கையேட்டில் இருந்த ஈஸ்ட் அளவு குளிர் தேசத்துக்கானது. கோடை வெக்கையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. ஈஸ்டைப் பாதியாக்கினார்கள். வழிவது நின்றது, ஆனால் மாவு பசையாகி, தட்டில் வைத்த உருண்டைகள் தட்டையாகப் படுத்துவிட்டன. கையால் பிசைந்த காலத்தில் மாவு இளகினால் இன்னொரு பிடி தூவி, அடித்து இழுத்துச் சரிசெய்துவிடுவார். மெஷினில் அரைக் கிலோவைத் தாண்டினால் அது முனகி நின்றுவிடும். தண்ணீரைக் குறைத்தாலோ பன் கல்லாகியது.

“பன் கேட்டா ஆப்பம் குடுக்கறயே, ஆமினா” என்றார் கணவர் கரீம்.

“தின்னுபோட்டுத்தானே பேசறீங்க?”

மாதம் முடிய ஆறு நாள் இருந்தபோது ஊரே பெருமைப்படும் சிறுவாணித் தண்ணீர் குழாயில் வரவில்லை. குடிக்க மட்டும் ஒரு குடம் மிச்சம்.

“போர் தண்ணில பாக்கலாமுங்களா?” என்றாள் அஃப்ரா.

“பாத்திரம் கழுவற உப்புத் தண்ணிலயா? கோயமுத்தூர்ல பொறந்தவ பேசற பேச்சா இது!”

ஆனாலும் பிஸ்மில்லா சொல்லி ஊற்றினார். ஒன்றரை மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால், மாவு விரலில் ஒட்டாமல் உருண்டு நின்றது. நம்பிக்கையில்லாமல், குழாய் வந்ததும் சிறுவாணியில் ஒரு ஈடு போட்டார். மறுபடியும் பசை. போர் தண்ணீரில் மறுபடியும் உருண்டை; அதன் கடினம்தான் மாவை இறுக்கிப் பிடித்தது. உப்பை மட்டும் அரை ஸ்பூன் குறைத்தார்கள். இரண்டு ஈட்டில் முப்பத்திரண்டு பன் வெந்து வந்தது.

ஆறுச்சாமி ஒன்றைப் பிய்த்து டீயில் நனைத்துத் தின்றார். “அக்கா, பழைய பன்னைவிட மெத்துனு இருக்குதுங்க. நாளையிலிருந்து அனுப்பிப்போடுங்க.”

மறுநாள் ஆமினா பீவி ஒரு அட்டையை அஃப்ராவிடம் நீட்டினார். மெஷினுக்கு மேலே மாட்டிவைக்க அளவுகளைத் தமிழில் எழுதித் தரவேண்டும். மைதா, ஈஸ்ட், சர்க்கரை, உப்பு என்று அவள் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தபோது, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

“தண்ணின்னு மட்டும் எழுது, கண்ணு. எந்தத் தண்ணின்னு எழுதிப்போடாத.”