முகாமுக்கு எதிரே ஆர்ஜியா

ஆர்ஜியா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே இருக்கிறாள். கூடை காலியான பிறகுதான் நிமிர்ந்து பார்க்கிறாள். அவளுடைய சாப்பாட்டுக் கடையில் இருப்பது சீட்டாடும் நாங்கள் நான்கு பேர். "கை கேக்க மாட்டேங்குதுடி. பட்டாளத்துக்கே சீவுன கை" என்பாள். மிச்சமெல்லாம் அவள் கோழிகளுக்கு. அவை நடக்க முடியாமல் கொழுத்துக் கிடக்கின்றன.

எதிரே படைமுகாம். இப்போது வாசலில் பூட்டு, அணிவகுப்புத் திடலில் முள்மரங்கள். கட்டாயப் பட்டாளச் சேவை ஒழிந்ததும் பையன்கள் வருவது நின்றது. பிறகு முடிதிருத்துபவர் போனார், ரொட்டிக்கடை போனது, மாலைப் பேருந்தும் போனது.

அப்போதெல்லாம் மாலையில் முகாமிலிருந்து வெளியே விட்டதும் இத்தாலியின் தெற்கத்திப் பையன்கள் ஓடி வருவார்கள். பொரித்த முட்டையும் உருளைக்கிழங்கும் வேண்டும். என் வீட்டுக்காரரும் அப்படிச் சிசிலியிலிருந்து வந்தவர்தான். எனக்குக் கிடைத்தது ஒரு கணவர்; ஆர்ஜியாவுக்குக் கிடைத்தது அத்தனை பையன்களின் அம்மாக்கள். கடைத் தொலைபேசியில் கூப்பிட்டு அழுவார்கள். பையன் காவலில் நின்றாலும் சரி, தண்டனையில் உள்ளே கிடந்தாலும் சரி, இவள் பதில் ஒன்றுதான்: "இப்பத்தான் சாப்பிட்டான்மா. ரெண்டு தட்டு. என் கண்ணால பாத்தேன்." பொய்யை இவ்வளவு அன்பாகச் சொல்ல எங்கள் பாதிரியாருக்கும் வராது.

போன சனிக்கிழமை ஆர்ஜியாவின் மகன் லோரிஸ் ஊதினே நகரத்திலிருந்து வண்டியும் இரண்டு ஆட்களுமாக வந்து இறங்கினான். கடையை மூடிவிட்டு அம்மா தன்னோடு வந்துவிட வேண்டுமாம். முதலில் சுவரோரத்து நீள மேசையை வண்டியில் ஏற்றப் போனார்கள்.

"இனி யாரும்மா இங்க வரப்போறாங்க?"

"நாலு பேரு உக்காந்திருக்காங்களே, கண்ணு தெரியலையா?"

"ஒரு காப்பிய வச்சுக்கிட்டு பொழுது பூரா உக்காந்திருக்காங்க!"

அது உண்மைதான். நான் என் கையிலிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டேன்.

"உன் வீட்டுல நான் யாருக்குடா சமைப்பேன்?"

"எங்களுக்குத்தான்."

"உன் பொண்டாட்டி வெறும் இலை தழையத்தானேடா திங்கிறா!"

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். லோரிஸ் சிரிக்கவில்லை. "தூக்குங்க" என்றான்.

ஆர்ஜியா நாற்காலியில் கால் வைத்து, பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மேசைமேல் ஏறி நடுவில் உட்கார்ந்தாள். ஆட்கள் லோரிஸைப் பார்த்தார்கள். நான் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன்.

அதைக் கண்டதும் அவள் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.