மணல்மேட்டுக் காவல்காரர்

இருபத்தேழு வருஷமாகப் பெரிய கோல்ஃப் போட்டி ஒன்றுவிடாமல் பணி செய்தும் மர்டோ இம்லாக் ஒரு போட்டியின் கடைசி அடியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவர் இடம் அப்படி. கில்ராண்டி மைதானத்தின் பதினேழாவது குழிக்கு, அடிக்கிற இடத்துக்கும் பந்து விழுகிற இடத்துக்கும் நடுவே ஒரு மணல்மேடு ஒட்டகம் படுத்த மாதிரி கிடக்கும். அடிப்பவருக்குப் பந்து எங்கே போனது என்று தெரியாது. மேட்டு உச்சியில் நின்று, விழும் பந்தைக் கண்ணால் பிடித்து, ஓடிப்போய் அதன் பக்கத்தில் சின்னக் கொடி ஒன்றை நடுவதுதான் மர்டோவின் வேலை. கடைசி ஆட்டம் முடிந்தது என்று செய்தி வரும்வரை மேட்டை விட்டுப் போகக் கூடாது. அதற்குள் கடைசிக் குழியான பதினெட்டாவதில் எல்லாம் முடிந்துவிடும். நடுவில் கிளப் கட்டடம் மறைக்கும். காதால் கேட்டுக்கொள்வதோடு சரி.

மற்ற நாட்களில் மர்டோ பஸ் ஓட்டுபவர். கில்ராண்டியிலிருந்து கிளம்பி கடற்கரையோரம் பதினாலு ஊர் சுற்றி வரும் பஸ். தெருமுனையில் ஒருத்தி ஓடி வருகிறாள் என்றால், அவளுடைய குடை நுனி தெரிந்ததுமே நிறுத்திவிடுவார். அவர் கண்ணைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு. அவர் மனைவி நெட்டாவிடம் மட்டும் அது செல்லாது. அன்று காலைகூட, "உன் மூக்குக் கண்ணாடி எங்கன்னு தேட நான் வரணும், நீ அடுத்தவன் பந்தைத் தேடப் போறியா?" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

அன்று ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் பெண்கள் அணிப் போட்டியின் கடைசி நாள். பன்னிரண்டு ஆட்டம், ஆட்டத்துக்கு ஒரு புள்ளி, சமன் என்றால் ஆளுக்கு அரை. குறைந்த அடியில் பந்தைக் குழியில் போட்டவருக்கு அந்தக் குழி; அதிகக் குழி பிடித்தவருக்கு ஆட்டம். பத்து வருஷமாகக் கோப்பை அயர்லாந்துக்காரர்களிடம் இருந்தது. பத்து ஆட்டம் முடிந்து ஐந்துக்கு ஐந்து என்று நின்றது. கடைசி ஆட்டத்தில் ஸ்காட்லாந்து சார்பில் ஆடியவள் எய்லி மௌவாட். அதே ஊர்ப் பெண். எட்டு வயதில் தன்னைவிட உயரமான பையைத் தூக்கிக்கொண்டு மர்டோவின் பஸ்ஸில் ஏறியவள். அவளுக்கு எதிரே அயர்லாந்தின் நீவ் டியர்னி. பதினாறு குழி முடிந்து இருவரும் சரிக்குச் சரி.

கீழே அடிக்கிற இடத்தில் நின்றிருந்த டூகலின் குரல் வாக்கிடாக்கியில் கரகரத்தது. மீன் கடை வைத்து ஓய்ந்தவர், மர்டோவின் பள்ளிக்கூடத் தோழர்.

"டேய் மர்டோ, முழிச்சிருக்கியா? நம்ம பொண்ணு அடிக்கப் போறா."

"நீ வாயை மூடுனா அவ அடிப்பா."

எய்லியின் பந்து மேட்டைத் தாண்டி, வெட்டிய புல்லின் நட்டநடுவில் விழுந்து உருண்டது. பந்து பத்திரம் என்று மர்டோ பச்சைக் கொடியை ஆட்டினார். அடுத்து நீவின் பந்து. காற்று அதை வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. முட்புதருக்கு நாலு எட்டு முன்னால் உயரப் புல்லில் இறங்கியதை மர்டோ கண்ணை எடுக்காமல் பார்த்தார். இறங்கிப் போனார். காய்ந்த புல்லின் தலைமேல், கூட்டில் முட்டை மாதிரி பந்து அழகாக உட்கார்ந்திருந்தது. அதிர்ஷ்டக்காரி என்று நினைத்துக்கொண்டே கொடியை நடக் குனிந்தார்.

அந்த நேரம் பதினெட்டாவது குழிப் பக்கமிருந்து ஒரு கூச்சல். கடல் எழுந்து நின்ற மாதிரி.

"ஜெயிச்சாச்சு!" டூகல் கத்தினார். "முன்னாடி போன ஆட்டம் நமக்கு! ஆறுக்கு அஞ்சு! எய்லி தோக்காம இருந்தாப் போதும்டா, சமனா முடிச்சாலே கப்பு நமக்கு! தோத்தா மட்டும் ஆறுக்கு ஆறு, கப்பு பழையபடி அவங்ககிட்டயே தங்கிரும்!"

மர்டோ இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார். அறுபத்தோரு வயது மனுஷன் பின்வாக்கில் ஓர் எட்டு வைத்து ஆடினார். பூட்ஸின் அடியில் எதுவோ உருண்டையாக அமுங்கியது.

காலைத் தூக்கிப் பார்த்தார். புல்லோடு புல்லாக மண்ணுக்குள் புதைந்து கிடந்தது பந்து. உச்சந்தலை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

சுற்றிலும் பார்த்தார். கயிறு கட்டி மேட்டுக்கு யாரையும் விடவில்லை. ஒரு கடற்காகம்கூடக் கிடையாது.

"டியர்னி பந்து எப்படி இருக்கு?" வாக்கிடாக்கியில் டூகல் கேட்டார்.

"புல்லுல கெடக்கு."

"ஆழமாவா?"

"ஆழமாத்தான்" என்றார் மர்டோ.

"அப்பப் போச்சு! இந்தக் குழி நமக்கு!"

பொய் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது ஆழமாகத்தான் கிடக்கிறது. அந்த நினைப்பு வாயில் துருப்பிடித்த ஆணி மாதிரி இருந்தது. ஆட்டக்காரர்கள் மேடேறி வந்துவிட்டார்கள். நீவ் பந்தைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள். பிறகு மர்டோவிடம், "நீங்க இல்லேன்னா இதைத் தேடியே பொழுது போயிருக்கும். ரொம்ப நன்றிங்க" என்றாள்.

அந்த நன்றி அவரைக் குத்திவிட்டது.

"மேடம்" என்று, ஆட்டக்காரர்களோடு வந்திருந்த நடுவர் பெட்டிகிரூ அம்மாளைக் கூப்பிட்டார். "பந்து இப்படி விழல. நான் மிதிச்சுட்டேன்."

எய்லி சட்டென்று திரும்பினாள். நடுவர் அம்மாள் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

"மிதிக்கிறதுக்கு முன்னாடி எப்படி இருந்தது?"

பாதி புதைந்திருந்தது என்று சொல்லியிருக்கலாம். மறுத்துச் சொல்ல ஆள் இல்லை.

"புல்லு மேல உக்காந்திருந்துச்சு. அடியில விரலை விடலாம்."

"மிஸ் மௌவாட், உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை?"

எய்லி பெருமூச்சு விட்டாள். "இவரு பஸ்ஸுல இருபது வருஷமாப் போறேன். ஒரு ஸ்டாப்பைக்கூடத் தப்பாச் சொன்னதில்ல. விரலை விடலாம்னா விடலாம்தான்."

பக்கத்திலேயே அதே மாதிரி புல் பார்த்துப் பந்தை மேலே வைக்கச் சொன்னார் நடுவர். நீவ் ஒரே வீச்சு. பந்து குழிக்கு ஆறடியில் போய் நின்றது. அதையும் உள்ளே தள்ளினாள். எய்லிக்கு ஓர் அடி கூடுதலாகத் தேவைப்பட்டது. பதினேழாவது குழி அயர்லாந்துக்கு. இனிக் கடைசிக் குழியை எய்லி ஜெயித்தே ஆக வேண்டும். அப்போதுதான் ஆட்டம் சமன்.

"டேய்!" செய்தி எட்டிய டூகல் வாக்கிடாக்கியில் அலறினார். "மிதிச்சே சரி. அதை எதுக்குடா சொன்னே?"

"கேட்டாங்க."

"யாரு கேட்டா?"

மர்டோ கொடியைப் பிடுங்கிச் சுருட்டினார். எல்லாரும் போன பிறகு மேட்டில் தனியாக நின்றார். இடது பூட்ஸைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பத்து வருஷத்துக்குப் பிறகு வர இருந்த கோப்பை இந்தத் தோலுக்கு அடியில் நசுங்கிவிட்டதோ?

டூகலுக்குக் கோபம் அதிக நேரம் தங்காது. ஆட்டத்தோடு பதினெட்டாவது குழிக்கு நடந்துபோய், அடிக்கு அடி செய்தி சொன்னார். "ரெண்டு பேரும் குழியைச் சுத்தியிருக்கிற கிரீனுக்கு வந்தாச்சு. இதுவரை அடிச்ச கணக்கு ரெண்டு பேருக்கும் சமம். எய்லி பந்துக்குக் குழி முப்பதடி தூரம். டியர்னிக்கு அஞ்சே அடி. இனிப் பேசக் கூடாதாம். வைக்கிறேன்."

காற்று மட்டும். மர்டோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தார்.

திடீரென்று கூச்சல் வெடித்தது. கிளப் கட்டடத்தின் புறாக்கள் மொத்தமாக எழும்பின. முப்பதடியும் உருண்டு உள்ளே போயிருக்கிறது! மர்டோ கத்தியதைக் கேட்க யாரும் இல்லை. ஆனால் நீவுக்கு இன்னும் அந்த ஐந்தடி இருக்கிறது. அவளும் போட்டுவிட்டால் குழி சமன், ஆட்டம் அவளுக்கு.

கூச்சல் அடங்கியது. ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்தார்கள்.

அந்த ஊர்க் கூட்டத்தை மர்டோவுக்கு நன்றாகத் தெரியும். எதிராளி பந்தைப் போட்டால் அந்தக் கணமே கை தட்டுவார்கள். எதிராளி தவறவிட்டால் மூச்சு விட மாட்டார்கள். அடுத்தவர் தோல்விக்குக் கை தட்டுவது அங்கே கெட்ட பழக்கம்.

எண்ணத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. இப்போது அடித்திருப்பாள். மூன்று. கைதட்டல் வந்துவிடும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். நான்கு. ஐந்து.

வரவில்லை.

ஆறு. ஏழு. மர்டோ புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு அழகான நிசப்தத்தை அவர் காது கேட்டதே இல்லை.

அதன் பிறகுதான், அங்கே பெண்கள் இருவரும் கை குலுக்கி முடித்த பிறகுதான், ஊரே கத்தியது.

"டேய் மர்டோ! ஆறரைக்கு அஞ்சரை! கேட்டுச்சா?"

"உனக்கு முன்னாடியே கேட்டுருச்சுடா."

"அழுவுறியா?"

"காத்துல மணல்."

"சரி, இறங்கி வா. நெட்டா சூப்பை வச்சுக்கிட்டு நிக்கிறா. கதை அவ காதுக்குப் போயாச்சு. வழியில பாத்து வரச் சொன்னா, எதையும் மிதிச்சுடாம."