நூற்றித் தொண்ணூறு

சுகாதாரப் பகுதியினர் எங்கள் சலூன்களுக்குப் பிரஷர் மெஷின் கொடுத்தபோது இரண்டு நாள் வகுப்பும் வைத்தார்கள். ஆம்பிளைகள் கிளினிக் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை, உங்களிடம் மட்டும் மாதம் தவறாமல் வருகிறார்கள், அங்கேயே பிடியுங்கள் என்றார்கள். இலக்கம் கூடினால் துண்டு எழுதிக் கொடுத்து, தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் கிழமையே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஓய்வுபெற்ற அதிபர் வந்தார். ஐம்பத்திரண்டு வயதான என்னை அவர் ‘நீ’ என்பார். முடிவெட்டக் காத்திருப்பவர்கள் குந்தும் வாங்கில் ஆள் நிறைந்திருந்தால் ‘டேய்’ என்பார். அன்று வாங்கு நிறைந்திருந்தது.

“உதென்னடா மேசையிலை? இப்ப நீயும் டொக்டரோ?”

“பிரஷர் பாக்கிறது ஐயா. ஒருக்காப் பாப்பமே?”

“பாரன். மயிர் வெட்டிற கைக்கு உதுவும் வருதோ எண்டு பாப்பம்.”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் கையில் பட்டையைச் சுற்றினேன். நூற்றித் தொண்ணூறு காட்டியது. இன்னொருதரம் பார்த்தேன். கூடியதே தவிரக் குறையவில்லை. துண்டுப் புத்தகம் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

“என்ன டொக்டர், நான் செத்துப்போவனோ?” மறுபடியும் சிரிப்பு.

“உங்களுக்கென்ன ஐயா, இளந்தாரி மாதிரி இருக்கிறியள். ஒரு குறையுமில்லை.”

பயத்தில் சொன்னதல்ல. வாய் தவறியதும் அல்ல. அடுத்தமுறை முடிவெட்ட வரும்போது சொல்லலாம், அதுவரை கிடந்து அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன். அன்று மத்தியானம் சோறு ருசியாகவே இறங்கியது.

மூன்றாம் கிழமை அவர் கிணற்றடியில் விழுந்து செத்தார். தலைக்குள் நரம்பு வெடித்ததாம். வழக்கப்படி செத்தவீட்டுக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். கொள்ளி வைக்கும் மகனை முற்றத்தில் கதிரை போட்டு இருத்தி, முகம் வழிக்கச் சவர்க்காரம் பூசினேன்.

“அண்ணை,” என்றான் அவன். தகப்பன் என்னை ஒருநாளும் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. “தலையிடி, தலையிடி எண்டு கொண்டுதான் இருந்தவர். கிளினிக்குக்கு வாங்கோ எண்டு கையைப் பிடிச்சு இழுத்தனான். ‘சலூன்காரன் ரண்டுதரம் பாத்தவன், அவன் பிழை விடான்’ எண்டு மறுத்திட்டார்.”

சொல்லிவிட வேண்டும் என்று வாய் திறந்தேன். சுற்றிவர நின்றவர்கள் அன்று என் கடையில் சிரித்தவர்கள். நான் கோழை, அதையும் எழுதத்தான் வேண்டும்.

“நாடியைக் கொஞ்சம் உயத்துங்கோ தம்பி,” என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை என் கத்திக்கு நீட்டினான்.