அத்தை எடுத்துத் தந்த ரேசர்

முலாம் போய்ப் பித்தளை தெரியும் அந்த ரேசரில் இன்று காலையும் பிளேடு மாட்டினேன். முகத்தில் நுரையும் போட்டாயிற்று. கை மட்டும் மேலே வரவில்லை. அந்த ரேசர் என் மாமனாருடையது. அவரை நான் பார்த்ததில்லை. என் கையில் அதைக் கொடுத்தவர் அத்தை, என் மனைவியின் அம்மா.

தொண்ணூறுகளில், கடலோர அணு ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மனைவிக்கு முதல் கரு கலைந்திருந்தது. கர்ப்பிணியின் புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது என்பது அத்தையின் நம்பிக்கை. நானோ அந்த நாட்களில் வாரம் தவறாமல் சலூனுக்குப் போனவன். என்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டார்; என் மோவாயைப் பார்ப்பார், அவ்வளவுதான். சுருக்கென்று தைக்கும். மனைவி மறுபடி உண்டானதும் அத்தை திருக்கழுக்குன்றத்திலிருந்து பெட்டியோடு குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார். பொழுது விடிந்தால் இடுப்புவரை தொங்கும் தன் கூந்தலுக்கு எண்ணெய் தடவிச் சிக்கெடுப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நான் தாடி வளர்த்தேன். நண்பர்களிடம் மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டு, தனியாக இருக்கும்போது அதைத் தடவித் தைரியம் தேடிக்கொள்வேன்.

எட்டாம் மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை வேலையிடத்தில் முகமூடிச் சோதனை. ரப்பர் முகமூடியை மாட்டிவிட்டு, வாழைப்பழ வாசனையடிக்கும் திரவத்தைச் சுற்றிலும் காட்டுவார்கள். வாசனை தெரிந்தால் காற்று கசிகிறது என்று அர்த்தம். எனக்கு ஒரு தாரே பழுத்ததுபோல மணத்தது.

“இன்னாப்பா, தாடி மேல மாஸ்க் எப்படி ஒட்டும்? நாளைக்குக் காலைல வழிச்சுட்டு வா. இல்லன்னா இந்த வேலைக்கு நீ சரிப்படமாட்ட” என்றார் மேற்பார்வையாளர். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

வீட்டில் சொன்னதும் மனைவி அழுதாள். “வேலைய வுட்டுடுங்க” என்றாள். அத்தை ஒன்றுதான் கேட்டார். “அது கசிஞ்சா இன்னா ஆவும்?”

“கெட்ட தூசி நெஞ்சுக்குள்ள போவும், அத்தை.”

சாமி படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு பெட்டியைத் திறந்து ரேசரை எடுத்துவந்தார். “எடுத்துடுங்க மாப்பிள்ள. புள்ள பொறக்கசொல்ல அப்பன் நல்லா இருக்கணும்.”

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. அதுவரை நானாகச் சவரம் செய்துகொண்டதே இல்லை. கத்தரியால் தாடியை ஒட்ட வெட்டி, வெந்நீரில் முகத்தை ஊறவைத்து, பிரஷ்ஷில் சோப்பை நுரைத்தேன். அழுத்தினால்தான் வெட்டும் என்று நினைத்து அழுத்தியதில் தாடைக்குக் கீழே கிழித்துவிட்டது. நுரை சிவந்தது. பார்த்துக்கொண்டிருந்த மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“அழுத்தாதீங்க, அது கனத்துக்கு அதுவே எறங்கும்” என்றார் அத்தை. மூச்சை அடக்கிக்கொண்டு மிச்சத்தை வழித்து முடித்தேன்.

மறுநாள் வாழைப்பழம் மணக்கவில்லை. வேலை தப்பியது. ஆனால் அதன்பிறகு தினமும் சவரம் செய்தாக வேண்டும். ரேசரைக் கன்னத்தில் வைக்கும்போதெல்லாம் உள்ளறையிலிருந்து முனகல் வருகிறதா என்று காது அங்கேயே இருக்கும். நான் பயந்து செத்த நாட்கள் அவை.

செங்கல்பட்டில் ஒரு நர்சிங் ஹோமில் மகள் நல்லபடியாகப் பிறந்தாள். குழந்தையைப் பார்த்த அத்தை யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப்போனார். சாயங்காலம் திருப்போரூர் பஸ்ஸில் திரும்பி வந்தவரின் தலை மொட்டை. அதன்மேல் சந்தனம்.

“இன்னாம்மா இது!” என்று மனைவி அலறினாள்.

“மாப்பிள்ள தாடிக்குப் பதிலா என் முடியத் தர்றேன்னு அன்னிக்கே முருகன்கிட்ட சொல்லிட்டேன்” என்றார், குழந்தையை வாங்கிக்கொண்டே.

அத்தை இன்று இல்லை. அந்தக் குழந்தை இப்போது கர்ப்பமாக இருக்கிறாள். நேற்று போனில் சொன்னாள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவள் கணவர் தினமும் மழுங்க வழித்துக்கொண்டுதான் கேப் ஏறுகிறார். அவரிடம் இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானோ ஓய்வு பெற்றவன்; முகமூடி மாட்டும் வேலை இனி இல்லை.

நுரையைக் கழுவினேன். பிளேடைக் கழற்றி, ரேசரைத் துடைத்து, அத்தையின் பெட்டியிலேயே வைத்தேன்.